வெள்ளி நிற மெய்ப்பை: அறிவியல் புனைவுத் திரைப்படங்கள் காட்டும் எதிர்கால உடை

முன்னுரை

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், கம்போங் குவாந்தானுக்கு அணித்தே உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றிற்குச் சில காலத்திற்கு முன்னர்ச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நூறு ஆண்டுகளுக்குப் பின் என் ஊர்' என்னும் தலைப்பில் படம் வரைந்து, அதனை விளக்கி எழுதும் பயிற்சியை வகுப்பாசிரியை அளித்திருந்தார். படங்கள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. சிலாங்கூர் ஆறு மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களும் அவற்றில் மொய்க்கும் மின்மினிகளும் இன்று உள்ளவாறே இருந்தன. செம்பனைகூட ஒன்றிரண்டு படங்களில் இருந்தது. மாறியிருந்தவர்கள் மனிதர்கள் மட்டுமே. ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் அவர்கள் கழுத்து முதல் கால்வரை ஒட்டிய வெள்ளி நிற உடையும் வட்டமான தலைக்கவசமும் அணிந்திருந்தனர்.

தன் குடும்பத்தை வரைந்திருந்த மாணவி ஒருத்தியிடம், "பாட்டி எங்கே?" என்று ஆசிரியை வினவினார். அச்சிறுமி சற்றும் தயங்காது, "அந்த உடுப்பு பாட்டிக்குச் சேராது டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் அவ்விடை நம்மை விட்டு அகலவில்லை.

அச்சிறுமி அவ்வுடையை எங்கிருந்து பெற்றாள்? அது ஒருவருக்குச் சேரும், மற்றவருக்குச் சேராது என்பதை எவ்வாறு அறிந்தாள்? இவ்விரு வினாக்களுக்கும் விடை திரைப்படத்தில் உள்ளது என்பது நம் கருத்து. அறிவியல் புனைவுப் படங்கள் எதிர்கால உடையை எவ்வாறு கற்பனை செய்துள்ளன, அக்கற்பனை எவற்றைக் காட்டுகின்றது, எவற்றை மறைக்கின்றது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

தொடக்கக் காலப் படங்கள்

எதிர்கால உடை என்பது முற்றிலும் புதியதோர் உடை என நாம் எண்ணுகின்றோம். திரைப்பட வரலாறு இதற்கு மாறான உண்மையை உணர்த்துகின்றது. 1924-இல் சோவியத் நாட்டில் வெளிவந்த 'ஏலிட்டா' செவ்வாய்க் கோளின் மக்களைக் காட்டிய படமாகும். அதற்கு உடை வடிவமைத்தவர் அலெக்சாண்டிரா எக்ஸ்டர் என்னும் ஓவியர். கோணங்களும் தகடுகளும் கம்பிகளும் கொண்ட அவ்வுடைகள், அன்றைய உருசிய ஓவியர்கள் போற்றிய வடிவக் கொள்கையின் நீட்சியே ஆகும். செவ்வாயில் வாழ்வோர் மாஸ்கோ ஓவியக்கூடத்தின் உடையையே அணிந்திருந்தனர் எனலாம்.

1927-இல் வெளிவந்த பிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' வேறொரு வகையில் குறிப்பிடத்தக்கது. நிலத்தின் கீழ் உழைக்கும் தொழிலாளர் இருண்ட நிறச் சீருடையில், தலை குனிந்து, வரிசையாகப் பணிக்குச் செல்கின்றனர். மேலே வாழும் செல்வர் மைந்தர் வெண்ணிற உடையில் விளையாட்டுத் திடலில் ஓடுகின்றனர். எதிர்காலத்தில் உடை வகுப்பு வேறுபாட்டைக் காட்டும் என்பதை மிகத் தொடக்கத்திலேயே உணர்த்திய படம் அது.

எச்.ஜி. வெல்ஸ் திரைக்கதை எழுதிய 'திங்ஸ் டு கம்' 1936-இல் வெளிவந்தது. அதன் இறுதிப் பகுதி 2036-ஆம் ஆண்டில் நிகழ்கின்றது. அங்கு வாழும் மக்கள் வெண்ணிறக் குறு அங்கியும் அகன்ற தோளும் முதுகில் தொங்கும் மேலாடையும் கொண்டு, பண்டைய உரோம, கிரேக்கச் சிலைகளை ஒத்த தோற்றத்துடன் உலவுகின்றனர். ஐரோப்பியர் நூறாண்டுகளுக்கு அப்பால் நோக்கியபோது கண்டது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தம் பழமையையே. தம் முன்னோரின் உடையை எதிர்காலத்திற்கு எடுத்துச் செல்ல அவர்கள் நாணவில்லை. இச்செய்தியை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். தமிழ்த் திரையைப் பற்றிப் பேசுங்கால் இது மீண்டும் தேவைப்படும்.

வெள்ளி நிறம் வந்த வழி

மாணவர்கள் வரைந்த வெள்ளி நிறத்திற்கு ஒரு குறிப்பிட்ட பிறப்பிடம் உண்டு. அமெரிக்காவின் மெர்குரித் திட்டத்தின்கீழ் 1961 முதல் விண்வெளிக்குச் சென்றோர் அணிந்த உடை, கடற்படை விமானிகளுக்காக முன்னரே உருவாக்கப்பட்ட அழுத்த உடையின் திருத்திய வடிவமாகும். அதன் மேலுறை அலுமினியம் பூசிய நைலானால் ஆயது. அந்த வெள்ளி ஒளி செய்தித்தாள்கள் வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் உலகெங்கும் பரவியது. 1964-இல் பாரிசு நகரின் ஆந்திரே குரேஜ் வெண்மையும் வெள்ளியும் கலந்த 'விண்வெளிக்கால' உடைகளை அறிமுகப்படுத்தினார். பாக்கோ ரபான் உலோகத் தகடுகளையே உடையாக்கினார். 1968-இல் வெளிவந்த 'பார்பரெல்லா'வில் அவ்வுலோக உடையின் சாயல் திரைக்கு வந்தது. அதே ஆண்டு வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்திற்கு உடை வடிவமைத்த ஹார்டி ஏமிஸ், பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத்துக்கு ஆடை தைத்தவர் ஆவார்.

இதனால் பெறப்படுவது யாது? இன்றைய மாணவர் எதிர்காலம் எனக் கருதி வரைவது, உண்மையில் அறுபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நாகரிகத்தையே. அவர்தம் பாட்டியரின் இளமைக்காலத்து உடை அது. பாட்டிக்குச் சேராது எனப்பட்ட உடை பாட்டியின் அகவையை ஒத்தது என்பது வியப்பிற்குரியது.

1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' இப்போக்கினை மாற்றியது. ஜான் மோல்லோ வடிவமைத்த அப்படத்தின் உடைகள் அழுக்கேறியும் நைந்தும் காணப்பட்டன. போர்க்கலை வீரர்களின் உடையில் சப்பானிய மரபின் சாயல் இருந்தது. அவ்வடிவமைப்பு ஆஸ்கர் விருதும் பெற்றது. அவரே பணியாற்றிய 'ஏலியன்' (1979) விண்கலத்தைச் சரக்கு ஏற்றிச் செல்லும் ஒரு பணியிடமாகக் காட்டியது. அதில் வருவோர் ஊதியத்தைப் பற்றி முணுமுணுக்கும் தொழிலாளர், அவர்தம் உடை கசங்கியது, வியர்வை படிந்தது. இத்தகைய படங்கள் எண்ணிக்கையில் குறைவாயினும் அவற்றைக் குறிப்பிடாது விடுவது முறையன்று.

திரை குறித்த சில எதிர்கால நாள்கள் இப்போது கடந்துவிட்டன. ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' (1982) காட்டியது 2019 நவம்பர் மாதத்து லாஸ் ஏஞ்சலஸ் நகரம். 'பேக் டு தி பியூச்சர்' இரண்டாம் பாகம் (1989) காட்டியது 2015 அக்டோபர் 21-ஆம் நாள். அதில் காலணியின் கயிறு தானே இறுகும்; மேற்சட்டை தானே அளவு சுருங்கித் தானே உலரும். தானே இறுகும் காலணியை நைக்கி நிறுவனம் 2016-இல் சிறிய எண்ணிக்கையில் வெளியிட்டது உண்மையே. ஆயினும் 2015-இலும் 2019-இலும் உலக மக்களுள் மிகப் பலர் அணிந்தது பருத்திச் சட்டையும் காற்சட்டையும் சேலையும் கைலியுமே. உடையின் வடிவம் திரை எண்ணியதைவிட மெல்லவே மாறுகின்றது. விரைந்து மாறுபவை இழையும் விலையும் தைக்கப்படும் நாடுமே. இவற்றைத் திரை பெரும்பாலும் காட்டுவதில்லை.

தமிழ்த் திரையின் எதிர்காலம்

தமிழில் விண்வெளிக் கற்பனை புதியதன்று. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்த 'கலை அரசி' 1963-இல் வெளிவந்தது. அறிவியலில் முன்னேறிய வேற்றுக்கோள் ஒன்றில் கலை இல்லை. ஆதலின் இசையும் நடனமும் கற்பிக்க வல்ல பெண்ணொருத்தியைப் பூமியிலிருந்து கவர்ந்து செல்கின்றனர் என்பது அதன் கதைக்கரு. 2018-இல் வெளிவந்த 'டிக் டிக் டிக்' இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என விளம்பரம் செய்யப்பட்டபோது, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய இப்படம் பலருக்கும் நினைவில் இல்லை.

'கலை அரசி'யின் வேற்றுக்கோள் ஓர் அரசவையும் இளவரசியும் கொண்டது. அங்குள்ளோரின் உடையலங்காரம் அக்காலத்து அரச கதைப் படங்களின் மரபையே பெரிதும் தழுவியது. இன்றைய இளைஞர் இதனைக் கண்டு நகைப்பர். நாமும் நம் மாணவப் பருவத்தில் நகைத்தவரே. ஆயினும் நடுநிலையுடன் நோக்கின், வெல்ஸின் குழுவினர் செய்ததும் இதுவே அன்றோ? அவர்கள் உரோமரின் அங்கியை 2036-க்கு அனுப்பினர். நம்மவர் அரசவையின் பட்டாடையை வேற்றுக்கோளுக்கு அனுப்பினர். ஒன்றைத் தொலைநோக்கு என்றும் மற்றொன்றை அறியாமை என்றும் கூறுவது பொருந்தாது. படப்பிடிப்புக் கூடத்தில் இருந்த உடைகளைப் பயன்படுத்திக் கொள்ளும் சிக்கனமும் இதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும். காரணம் எதுவாயினும், நம் உடைமரபு ஒருமுறை விண்வெளிக்குச் சென்று வந்துள்ளது என்பது உண்மை.

அதன்பின் நிலைமை மாறியது. சங்கர் இயக்கிய 'எந்திரன்' 2010-இல் வெளிவந்தபோது, அதன் உடை வடிவமைப்பில் மும்பையின் மணீஷ் மல்கோத்ராவுடன் ஆலிவுட் படமான 'மென் இன் பிளாக்' (1997) படத்திற்குப் பணியாற்றிய மேரி வோகட்டும் ஈடுபட்டார். சிட்டி என்னும் எந்திரனின் குணமாற்றம் உடைமாற்றத்தாலேயே உணர்த்தப்படுகின்றது. சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டதும் அதன் கோலம் கருமை மேலோங்கியதாகின்றது. தொழில்நுட்பத் திறத்தில் இப்படம் தமிழ்த் திரையின் ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆற்றல் மிக்க எதிர்காலம் என்பது மேலைநாட்டுத் தைத்த உடையிலேயே தோன்றும் என்னும் இலக்கணம் இதனால் உறுதிப்பட்டது. 'டிக் டிக் டிக்' படத்தின் விண்வெளி வீரர்களும் உலகெங்கும் திரை பழக்கிய விண்ணுடையையே அணிந்தனர்.

2024-இல் வெளிவந்த, நாக் அசுவின் இயக்கிய தெலுங்குப் படமான 'கல்கி 2898 ஏடி' தமிழிலும் திரையிடப்பட்டது. வறண்டுபோன காசி நகரில் நிகழும் அக்கதையில் அசுவத்தாமன் உடலெங்கும் துணிப்பட்டைகளைச் சுற்றிக்கொண்டு தோன்றுகின்றான். தைக்காத துணி எதிர்காலத்தில் இடம்பெறுகின்றது. ஆனால் இதிகாச காலத்திலிருந்து எஞ்சி நிற்கும் ஒருவனின் உடலிலேயே அது இடம்பெறுகின்றது. தைக்காத துணியென்றால் கடந்தகாலம், தைத்த உடையென்றால் வருங்காலம் என்னும் பாகுபாடு இங்கும் தொடர்கின்றது.

மெய்ப்பையும் அரவுரியும்

இப்பாகுபாடு நம் இலக்கியத்திற்கு முற்றிலும் புதியதன்று. முல்லைப்பாட்டு பாசறையைக் காட்டுமிடத்து, அரசனின் கூடாரத்தைக் காக்கும் யவனர் 'மெய்ப்பை' அணிந்திருந்தனர் எனக் கூறுகின்றது. உரையாசிரியர் இதனைச் சட்டை என விளக்குவர். மெய் புகும் பை என்பது அழகியதொரு சொல்லாக்கம். துணியை அரையில் உடுத்தியும் தோளில் போர்த்தியும் பழகிய கண்களுக்கு, உடலைப் பையினுள் இட்டாற்போன்ற அத்தோற்றம் அச்சந்தரும் அயன்மையாகப் பட்டது. அறிவியல் புனைவுப் படங்களின் ஒட்டுடையைக் குறிக்க இச்சொல்லினும் பொருத்தமானது வேறில்லை. ஆதலின் இக்கட்டுரையின் தலைப்பில் அதனையே ஆண்டுள்ளோம்.

இதனினும் வியத்தகு செய்தி பொருநராற்றுப்படையில் உள்ளது. கரிகால் வளவன் பொருநனுக்கு அளித்த ஆடை, இழை சென்ற வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்மை உடையது. பாம்பு உரித்த தோலை ஒத்தது எனப் புலவர் முடத்தாமக்கண்ணியார் புனைகின்றார். தையலும் மடிப்பும் தெரியாது, தோலின்மேல் மற்றொரு தோலாகப் படியும் துணி என்னும் கனவே இன்றைய திரையின் எதிர்கால உடைக்கும் அடிப்படை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அக்கனவு தமிழில் உண்டு.

ஆயினும் புலவருக்கும் திரைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உள்ளது. புத்தாடையைக் கூறுமுன் புலவர் பொருநனின் பழைய கந்தலைக் கூறுகின்றார். அது வேர்வையில் நனைந்தது. ஈரும் பேனும் குடியிருந்தது. வேற்று நூல் நுழைத்துத் தைக்கப்பட்டது. புலவர் எதனையும் மறைக்கவில்லை. இழை தெரியாத ஆடையின் அருமை, இழை தெரியும் கந்தலின் அருகில் வைத்தே உணர்த்தப்படுகின்றது. திரையோ அக்கந்தலை நீக்கிவிட்டு அரவுரியை மட்டும் காட்டுகின்றது. வியர்வை இல்லை; தைத்த கை இல்லை; வெளுத்த கை இல்லை. இம்மூன்றும் மறைக்கப்படும்போது, இம்மூன்றோடும் வாழ்ந்தவர்களும் எதிர்காலத்திலிருந்து மறைக்கப்படுகின்றனர். சிறுமியின் படத்தில் பாட்டி இல்லாமைக்கு இதுவே காரணம் என்பது நம் துணிபு.

நிலவுக்குச் சென்ற உடை

திரையின் விண்ணுடைக்குத் தையல் தெரிவதில்லை. மெய்யான விண்ணுடையின் வரலாறோ தையலின் வரலாறே ஆகும். 1969-இல் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் அணிந்த உடையை உருவாக்கியது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இயங்கிய ஐ.எல்.சி. நிறுவனம். 'இன்டர்நேசனல் லேட்டக்ஸ்' என்பது அதன் முழுப்பெயரின் பகுதி. 'பிளேடெக்ஸ்' என்னும் பெயரில் பெண்களின் உள்ளாடைகளை விற்ற நிறுவனத்தின் கிளை அது. ஏறத்தாழ 21 அடுக்குகள் கொண்ட அவ்வுடையைத் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து தைத்தவர்கள் பெண்கள். ஒரு தையல் பிசகினும் ஓர் உயிர் போகும் என்பதை அறிந்தே அவர்கள் தைத்தனர்.

காற்று வெளியேறாது காக்கும் உள்ளுறையும் மூட்டுகளின் மடிப்புகளும் இரப்பரால் ஆயவை. செயற்கை இரப்பருடன் இயற்கை இரப்பரும் அதிற் கலந்திருந்தது. அவ்வியற்கை இரப்பர் காலப்போக்கில் இறுகி நொறுங்குகின்றது என்பதே இன்று சுமித்சோனியன் அருங்காட்சியகப் பாதுகாவலர்களின் கவலை. அந்த ஆண்டுகளில் உலகில் இயற்கை இரப்பரை மிகுதியாக விளைவித்த நாடு மலேசியாவே. சந்தையில் கலந்துவிட்ட இரப்பருக்கு ஊர்ப்பெயர் கிடையாது. ஆயினும் விண்ணுடை என்பது பால்மரம் சீவிய உலகிற்குத் தொடர்பற்ற பொருளன்று என்பதை நம் மாணவர் அறிந்துகொள்ள இச்செய்தி போதும்.

வியர்வையும் அங்கு மறக்கப்படவில்லை. காற்றுப் புகாத உடையினுள் மனிதன் தன் உடற்சூட்டாலேயே தளர்ந்துவிடுவான். ஆதலின் மெல்லிய குழாய்கள் தைக்கப்பட்ட உள்ளாடை ஒன்று நிலவுப் பயணிகளுக்கு அளிக்கப்பட்டது. அக்குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடி உடலின் வெப்பத்தை வாங்கிச் செல்லும். வெண்ணிற மேலுறை எல்லார்க்கும் தெரியும். உயிரைக் காத்த குழாய் உள்ளாடையைத் திரை அரிதாகவே காட்டும்.

2007 அக்டோபர் 10-ஆம் நாள் விண்வெளிக்குச் சென்ற முதல் மலேசியரான டாக்டர் சேக் முசாபர் சுக்கோர் அணிந்ததும் இத்தகையதொரு அழுத்த உடையே. உருசியாவின் சோக்கோல் எனப்படும் அவ்வுடை ஒவ்வொருவரின் உடலளவிற்கும் ஏற்பத் தைக்கப்படுவது. ஒருவருக்குச் சேருவதும் சேராததும் தைப்பவர் அளவெடுப்பதைப் பொறுத்தது என்னும் எளிய உண்மையை இது நினைவூட்டுகின்றது.

திரை காணாத காப்புடை

இனி வடசிலாங்கூர்த் தோட்டங்களை நோக்குவோம். கோல சிலாங்கூர் முதல் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வரையிலான பகுதியில், இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறும்வரை, பால்மரம் சீவுவோரின் உடை எவ்வாறு இருந்தது? குளிர்ந்த வேளையில் பால் நன்கு ஓடும். ஆதலின் விடியுமுன்னரே அவர்கள் காட்டிற்குள் செல்லவேண்டும். நெற்றியில் விளக்கு, கொசுக்கடிக்குத் தலையையும் கழுத்தையும் மூடிய துண்டு, சேலை அல்லது கைலியின்மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, பால் படிந்து இறுகிய முன்பகுதி. இவற்றை வடிவமைத்தவர் பெயர் எந்தப் படத்தின் இறுதியிலும் வராது. ஆயினும் இருளுக்கும் பூச்சிக்கும் ஈரத்திற்கும் ஏற்ப, கையிலிருந்த துணிகளைக் கொண்டே உருவாக்கப்பட்ட முழுமையான தொழிலுடை அது. நெற்றி விளக்குடன் இருளில் நடக்கும் அவ்வுருவம் வேற்றுக்கோளில் இறங்கும் திரைவீரனின் உருவத்தை ஒத்திருப்பதை எவரும் காணலாம். ஒன்றை வியந்து நோக்கும் நாம் மற்றொன்றை நோக்குவதே இல்லை.

மருந்தடிக்கும் பெண்களின் நிலை இதனினும் கடியது. காற்றுப் புகாத உடை உண்மையில் தேவைப்பட்ட தமிழர் எவரேனும் உளரெனின் அவர்கள் இவர்களே. முதுகில் களைக்கொல்லித் தொட்டியைச் சுமந்து பாரகுவாட் போன்ற நச்சு மருந்துகளைத் தெளித்தவர்களின் உடல்நலக் கேடுகளை, தெனாகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் செயற்பாட்டு வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் இணைந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்துள்ளது. அதே ஆண்டு மலேசிய அரசு பாரகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 சனவரி 1 முதல் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது.

கையுறையும் முகமூடியும் காப்புடையும் அளிக்கப்பட்ட இடங்களில்கூட அவற்றை நாள்முழுதும் அணிவது அரிது. காரணம் அறியாமையன்று. குளிர்நாடுகளின் அளவிற்கும் தட்பவெப்பத்திற்கும் ஏற்ப உருவான தடித்த உடையை, ஈரப்பதம் மிக்க நம் நாட்டு வெயிலில் அணிந்து மேடுபள்ளம் ஏறி இறங்குவது உடலால் இயலாத செயல். நிலவுக்குச் சென்ற மிகச் சிலருக்காகக் குளிர்நீர் ஓடும் உள்ளாடையை அறிவியல் உருவாக்கியது. செம்பனைக் காட்டில் மருந்தடித்தவர்களுக்காக அத்தகைய முனைப்பு மேற்கொள்ளப்படவில்லை. எதிர்கால உடை பற்றிய கற்பனை வெறும் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். எவருடைய உடலைக் கற்பனை காண்கின்றதோ, பெரும்பாலும் அவ்வுடலுக்கே அறிவியலும் உடை தைக்கின்றது.

மாற்றுவழி ஒன்று

இவ்விலக்கணத்தை மாற்ற இயலும் என்பதற்குச் சான்று உண்டு. 2018-இல் வெளிவந்த 'பிளாக் பாந்தர்' ஆப்பிரிக்காவில் குடியேற்ற ஆட்சிக்கு உட்படாத, அறிவியலில் முன்னேறிய ஒரு கற்பனை நாட்டைக் காட்டியது. அதற்கு உடை வடிவமைத்த ரூத் கார்ட்டர் 2019-இல் ஆஸ்கர் விருது பெற்றார். மணமான சூலு பெண்கள் அணியும் அகன்ற தொப்பியின் வடிவத்தை அவர் அரசமாதாவின் முடியாக்கினார். அம்முடி முப்பரிமாண அச்சுமுறையில் உருவாக்கப்பட்டது. லெசோத்தோ மக்கள் குளிருக்குப் போர்த்தும் கம்பளி அப்படத்தில் எதிரியின் தாக்குதலைத் தடுக்கும் கேடயமாகின்றது.

இங்குக் கருதத்தக்கது, மரபுடை அழகுக்காக மட்டும் ஒட்டவைக்கப்படவில்லை என்பதே. போர்வையின் பணி காத்தல். அப்பணியே எதிர்காலத்திற்கு நீட்டிக்கப்பட்டது. இவ்வழியில் எண்ணின் நம் துணிகளுக்கும் செய்ய வேண்டிய பணிகள் பலவுண்டு. ஒரே துண்டு தலைக்கு மறைப்பாகவும், சுமைக்குச் சும்மாடாகவும், குழந்தைக்குத் தூளியாகவும், வியர்வை துடைக்கும் துணியாகவும் பயன்பட்டது. ஒரே கைலி எந்த உடலளவிற்கும் பொருந்தியது. அளவெடுக்கத் தேவையே எழவில்லை. காற்று உட்புகுந்து வெளியேறும் தளர்ச்சி, வெப்பம் மிகுந்துவரும் உலகிற்கு வெள்ளி ஒட்டுடையினும் ஏற்றது. இவற்றைக் கூறுவது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. எதிர்காலத்தை வடிவமைக்க நம்மிடமும் கருவிகள் உள்ளன என்பதை உணர்த்துவதற்காகவே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், திரையின் எதிர்கால உடை ஒவ்வொரு காலத்தும் அவ்வக்காலத்து ஓவியம், நாகரிகம், விண்வெளிப் போட்டி ஆகியவற்றிலிருந்தே நெய்யப்பட்டது என்பது தெளிவாகும். மேலைநாட்டார் தம் பழைய உடையை எதிர்காலத்திற்குக் கொண்டுசென்றனர். தமிழ்த் திரை 1963-இல் அதனைச் செய்து, பின்னர்க் கைவிட்டது.

தமிழாசிரியர்கள் இப்பொருளை வகுப்பறைக்கு எடுத்துச் செல்வது பயனுடையதாகும். கட்டுரைப் பயிற்சியில் எதிர்காலத்தைக் கற்பனை செய்யச் சொல்லும்போது மூன்று வினாக்களை உடன் கொடுக்கலாம். இவ்வுடையைத் தைத்தவர் யார்? வெளுப்பவர் யார்? நம் ஊர் வெயிலில் இதனை அணிந்து எவ்வளவு தொலைவு நடக்க முடியும்? மெய்ப்பை, அறுவை, துகில், கலிங்கம் முதலிய சொற்களை வெறும் பொருள்விளக்கப் பட்டியலாகக் கற்பிக்காமல், மாணவர் தாம் வரைந்த உடைகளுக்குப் பெயரிடப் பயன்படுத்துமாறு செய்தால் அச்சொற்கள் மீண்டும் உயிர்பெறும். வீட்டில் பாட்டி இருப்பின், அவர் காட்டிற்குச் சென்ற நாளில் என்னென்ன அணிந்தார், ஏன் அணிந்தார் எனக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். அவ்விடைகள் இன்று கிடைக்கும், நெடுநாள் கிடைக்கமாட்டா.

அச்சிறுமியின் விடையை நாம் தவறு எனக் கூறவில்லை. திரை தனக்குக் காட்டியதை அவள் பிழையின்றி எழுதினாள். அவ்வுடை பாட்டியை அளவெடுத்துத் தைக்கப்பட்டதன்று என்பதை அவள் கண்டுகொண்டாள். பாட்டிக்குச் சேரும் உடையை எண்ணிப் பார்க்க அவளுக்குக் கற்றுத்தருவது இனி நம் கடன்.